சர்ப்பகந்தி வேரும் அது தந்த மருந்துகளும்

நாட்டு மருந்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு திறத்தினராவர். முன்னோர் கூறியன யாவும் பிழையற்றன. மேனாட்டார் இன்று கண்டன யாவும் நம் ஏடுகளில் என்றோ எழுதப்பட்டன என்பார் ஒரு திறத்தார். வேரும் தழையும் கொண்டு நோய் தீர்த்தல் பேதைமை. ஆய்கூடத்திற் பிறவாதது மருந்தன்று என்பார் மற்றொரு திறத்தார். இவ்விரு கூற்றுக்களையும் ஒருங்கே வைத்துச் சோதித்தற்கு ஏற்ற வரலாறு ஒன்று உளது. அது சர்ப்பகந்தி என்னும் சிறு செடியின் வேருக்குரிய வரலாறாகும். அவ்வேரினின்றும் பிரித்தெடுக்கப்பட்ட றெசேர்ப்பின், அஜ்மலின் என்னும் மருந்துகளின் பெயர் இன்று வைத்தியர்களுள்ளும் பலர்க்குப் பழக்கமில்லாதது. ஆயினும், உயர்ந்த குருதியமுக்கத்தைத் தணித்தால் மனிதர் சாவினின்றும் தப்புவர் என்பதை முதன்முதல் நிறுவிய சோதனையில் றெசேர்ப்பினுக்குப் பங்குண்டு. மூளையின் இரசாயனம் இத்தகையது என்று அறிஞர் அறிதற்கு வாயில் திறந்ததும் அம்மருந்தே.

வேரும் பெயரும்

சர்ப்பகந்தி, அலரியும் நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. முழங்கால் அளவு தொடங்கி இடுப்பளவு வரை உயர்வது. கணுத்தோறும் பெரும்பாலும் மும்மூன்றாக இலைகள் அமைந்திருக்கும். பூக்கள் வெண்மையும் மென்சிவப்பும் கலந்தன, காம்பு செந்நிறமானது, கனி முதிர்ந்தவழிக் கருமை பெறும். இமயத்தின் அடிவாரம் முதலாகத் தென்னிந்தியா, இலங்கை, பர்மா, சாவகம் ஈறாக ஈரமும் நிழலுமுள்ள காடுகளில் இது வளரும். மருந்தாவது இதன் வேர். அது மிக்க கைப்புடையது.

சர்ப்பகந்தா என்னும் பெயர் பழைய வடமொழி மருத்துவ நூல்களிற் காணப்படும். எனினும் பழைய நூற்பெயர்கள் எச்செடியைக் குறித்தன என்று துணிதல் எளிதன்று. ஒரு பெயரே பல செடிகளுக்கு வழங்கியதும், ஒரு செடியே பல பெயர் பெற்றதும் உண்டு. ஐயத்திற்கிடமின்றி இச்செடியின் வரலாற்றைத் தொடர வேண்டின் ஐரோப்பியர் இந்நாடுகளுக்கு வந்த காலத்தினின்றும் தொடங்குதலே தக்கது.

போர்த்துக்கேய வைத்தியராகிய கார்சியா டா ஓர்ட்டா என்பார் 1563 ஆம் ஆண்டில் கோவாவில் அச்சிட்ட நூலிற் பாம்புக்கடிக்கு மருந்தாகும் கட்டைகளைப் பற்றிக் கூறுமிடத்து இலங்கைத் தீவையும் குறிப்பிடுகின்றார். கீரி பாம்போடு பொருது கடியுண்டவழி இவ்வேரைத் தின்று நஞ்சைப் போக்கிக்கொள்ளும் என்ற கதையும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. அவர் குறித்த கட்டைகளுள் ஒன்று சர்ப்பகந்தியே எனப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கொள்வர். அம்போன் தீவில் ஒல்லாந்தக் கும்பனியிற் சேவை செய்தவரும், இடையிற் கண்பார்வை இழந்தும் தம் பெருநூலை முற்றுவித்தவருமாகிய றும்பியஸ் என்பாரும் கீரி தின்னும் வேரைப் பற்றி எழுதினார். அந்நூல் அவர் இறந்து நெடுநாட் சென்றபின் 1741 ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது.

இன்று தாவரவியலார் வழங்கும் றவோல்பியா என்னும் பெயர் வந்த வகையும் வியப்புடைத்து. ஜேர்மனியில் ஒகஸ்பேர்க் நகரத்து வைத்தியராகிய லெயொன்காட் றவோல்ப் 1573 ஆம் ஆண்டிற் புறப்பட்டு அலெப்போ, பக்தாத்து, எருசலேம் முதலிய இடங்களைக் கண்டு 1576 ஆம் ஆண்டில் மீண்டார். கோப்பி பருகும் வழக்கத்தை ஐரோப்பியர்க்கு அச்சில் முதலில் அறிவித்தவர் அவரே. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை, இச்செடியைக் கண்டதுமில்லை. பிரான்சு தேசத்துத் துறவியும் தாவரவியலாருமாகிய புளுமியே என்பார் 1703 ஆம் ஆண்டில் அமெரிக்கச் செடியினம் ஒன்றுக்கு றவோல்பின் நினைவாகப் பெயரிட்டார். அவ்வினத்துள் நம் செடியும் அடங்குமெனப் பின்னர் அறியப்பட்டமையால் அப்பெயர் இதனையும் வந்தடைந்தது. கீழ்நாட்டு மூதாட்டியர் நெடுங்காலம் அறிந்திருந்த செடிக்கு, அதனைக் காணாத மேனாட்டார் ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது.

பாம்புக்கடியோடன்றி மற்றொரு நோயோடும் இவ்வேர் தொடர்புற்றிருந்தது. வட இந்தியாவில், சிறப்பாகப் பீகாரில், இது பைத்தியத்துக்கு மருந்து என்னும் பொருள்பட வழங்கிவந்தது. வெறிகொண்டு ஆர்ப்பரிப்போர்க்கும் உறக்கமின்றி உழல்வோர்க்கும் நாட்டு வைத்தியர் இதனைக் கொடுத்தனர். அழுகின்ற குழந்தையை உறங்குவிக்கச் சிறிது கொடுப்பதுமுண்டு. ஆகவே வழக்காறு இவ்வேரைப் பற்றி இரு செய்திகளைக் கூறிற்று: பாம்பு நஞ்சைப் போக்கும் என்பது ஒன்று, பித்துத் தணிக்கும் என்பது மற்றொன்று. இவற்றுள் எது மெய், எது பொய் என்று வழக்காறு மாத்திரம் கொண்டு தெளிதல் இயலாது. இரண்டும் ஒரே வாயினின்று, ஒரே உறுதியோடு கூறப்பட்டன.

டில்லியும் கல்கத்தாவும்

1931 ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் பெரியதொரு திருப்பமாகும். யுனானி வைத்தியத்திற் புகழ்பெற்றவரும் தேசிய இயக்கத் தலைவருள் ஒருவருமாகிய ஹக்கீம் அஜ்மல்கான், பழைய மருந்துகளைப் புதிய இரசாயன முறையால் ஆராய்தல் வேண்டுமென்ற நோக்கமுடையராயிருந்தார். அதன்பொருட்டு ஜேர்மனியில் இரசாயனம் பயின்ற சலிமுஸ்ஸமான் சித்தீக்கி என்னும் இளைஞரை டில்லியிலிருந்த ஆயுர்வேத யுனானிக் கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் அமைக்குமாறு அழைத்தார். அஜ்மல்கான் 1927 ஆம் ஆண்டின் இறுதியிற் காலமானார். அவர் விதைத்த விதையோ முளைத்தது. சித்தீக்கியும் றபத் ஹுசைன் சித்தீக்கியும் 1931 ஆம் ஆண்டில் இவ்வேரிலிருந்து ஐந்து அற்கலொயிட்டுகளைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தனர். தம்மை ஆதரித்த பெரியாரை மறவாது அவற்றுள் மூன்றுக்கு அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின் என்றும், ஏனை இரண்டுக்குச் சேர்ப்பென்ரின், சேர்ப்பென்ரினின் என்றும் பெயரிட்டனர்.

அதே ஆண்டிற் கல்கத்தாவிற் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வைத்தியர் இருவர், இவ்வேர் சித்தப்பிரமைக்கும் உயர்ந்த குருதியமுக்கத்துக்கும் ஏற்ற இந்திய மருந்து எனக் கட்டுரை வெளியிட்டனர். வேர்ப்பொடியை 20 முதல் 30 கிறேயின் நிறையளவில் நாளுக்கு இருமுறை கொடுத்தபோது நோயாளர் உறங்கினர் என்றும், வெறி தணிந்தது என்றும், குருதியமுக்கம் தாழ்ந்தது என்றும் அவர்கள் கண்டனர். அமுக்கத்தைப் பற்றிய செய்தி பழைய வழக்காற்றில் இல்லாதது. குருதியமுக்கத்தை அளக்கும் கருவி வந்தபின்னரே அதனைக் காணமுடிந்தது. நாட்டு வைத்தியரின் அனுபவமும் மேனாட்டுக் கருவியும் சந்தித்தவிடத்தே புதிய அறிவு பிறந்தது என்பது கருதத்தக்கது.

எனினும் ஒரு புதிர் நின்றது. டில்லியில் எடுத்த அற்கலொயிட்டுகள் எவையும் வேர்ப்பொடி தந்த அமைதியை அவ்வாறே தரவில்லை. 1940 களிற் கல்கத்தாவில் ஆய்ந்தோர், அற்கலொயிட்டுகளை அகற்றியபின் எஞ்சிய பிசினிலே உறக்கந்தரும் ஆற்றல் நிற்பதைக் கண்டனர். வேண்டிய பொருள், வேண்டாததென ஒதுக்கப்பட்ட சக்கையுள் மறைந்திருந்தது.

பம்பாயிலிருந்து உலகுக்கு

இக்காலத்திற் குருதியமுக்க நோய்க்கு மேனாட்டார் கையில் ஏற்ற மருந்து யாதுமில்லை. அமெரிக்க சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற் 1945 ஆம் ஆண்டு ஏப்பிரில் 12 ஆந் திகதி மூளையிற் குருதி பெருகி இறந்தபோது அவர்தம் அமுக்கம் 300 க்கு 190 என அளக்கப்பட்டது. உலகின் மிக்க அதிகாரமுடைய மனிதர்க்கும் ஓய்வும் உணவுக் கட்டுப்பாடும் முதலாய சிலவற்றையன்றி வைத்தியர் கொடுப்பதற்கு வேறில்லாதிருந்தது. உப்பில்லாச் சோறும் பழமும் உண்பித்தல், முதுகைக் கீறி நரம்புகளை அறுத்தல் என்பனவே அக்காலத்துக் கடுஞ்சிகிச்சைகள்.

அவ்வேளையிற் பம்பாயைச் சேர்ந்த இருதயநோய் வைத்தியர் றுஸ்தம் ஜால் வக்கீல், தாம் 50 நோயாளரிடத்து இவ்வேரைச் சோதித்துக் கண்ட பயனை 1949 ஆம் ஆண்டிற் பிரித்தானிய இருதயவியற் சஞ்சிகையில் வெளியிட்டார். கல்கத்தாக் கட்டுரை வெளிவந்து 18 ஆண்டுகள் கழிந்திருந்தன. இந்தியாவில் வைத்தியர் பலர் இவ்வேர்க் குளிசைகளை ஏற்கெனவே வழங்கிவந்தனர். ஆயினும் இலண்டனில் அச்சேறிய பின்னரே உலகம் செவிசாய்த்தது. அமெரிக்காவிற் பொஸ்ரன் நகரத்து றொபேட் வில்கின்ஸ் இம்மருந்தை வருவித்துச் சோதித்து, இது வலிய மருந்தன்றாயினும் அமுக்கத்தை மெல்லத் தாழ்த்துவதோடு நோயாளர்க்கு அமைதியும் தருவது என்று அறிவித்தார். வக்கீல் 1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசைப் பெற்றார்.

சுவிற்சலாந்தில் பாசல் நகரத்துச் சீபா நிறுவனத்தின் ஆய்கூடத்தில் முல்லர், சிலிற்லர், பைன் என்னும் மூவர் அப்பிசினை ஆராய்ந்து 1952 ஆம் ஆண்டிற் றெசேர்ப்பின் என்னும் பொருளைத் தூய பளிங்காக எடுத்தனர். வேரில் அது ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கே உளது. கல்கத்தாவிற் பொடியைக் கிறேயின் கணக்கில் அளந்தது போலன்றி இனி மில்லிகிறாமின் பின்னங்களில் மருந்தை அளக்கலாயிற்று. செர்ப்பாசில் என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1956 ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் றொபேட் வூட்வேட், சிக்கல் மிக்க அதன் மூலக்கூற்றை ஆய்கூடத்திற் செயற்கையாக ஆக்கிக்காட்டினார். 1965 ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

மருந்து தொழிற்படும் விதம்

றெசேர்ப்பின் உடலில் யாது செய்கின்றது? நரம்பின் முனை, தான் அடுத்த கலத்துக்குச் செய்தி அனுப்புதற்கு வேண்டிய இரசாயனப் பொருள்களைச் சிறு பைகளிற் சேமித்து வைக்கும். நோரதிரனலின், தோப்பமின், செரற்றோனின் என்பன அத்தகைய பொருள்கள். அவற்றைப் பைக்குள் ஏற்றுவதற்கு ஒரு புரதம் வாயில்காப்போன்போற் பையின் சுவரில் அமைந்துள்ளது. றெசேர்ப்பின் அப்புரதத்தை இறுகப் பற்றி அடைத்துவிடும். களஞ்சியத்துட் புகாத நெல் முற்றத்திற் கிடந்து மழையில் அழிவதுபோல, பைக்குட் புகாத பொருள் வெளியே நின்று நொதியத்தால் அழிக்கப்படும். நாளடைவிற் பைகள் வெறுமையாகும். நரம்பு தூண்டப்பட்டாலும் அனுப்புதற்குச் செய்திப்பொருள் இராது.

குருதிக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளில் இது நிகழ்ந்தால் குழாய்கள் தளர்ந்து அமுக்கம் தாழும்; இருதயத் துடிப்பும் தணியும். மூளையில் இது நிகழ்ந்தால் கிளர்ச்சி அடங்கும். மருந்தின் பயன் மெல்லத் தோன்றுவதும், குளிசையை நிறுத்திய பின்னரும் பல நாட்களுக்கு அது நீடிப்பதும் இக்காரணம் பற்றியே. மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு, இரைப்பையில் அமிலம் மிகுதல், அளவு மிகுந்தவழி அங்கங்கள் விறைத்து நடுங்குதல் ஆகிய தீய விளைவுகளும் அத்தொழிலின் வழிப்பட்டனவே. ஒரு மருந்தின் நன்மைக்கு ஒரு காரணமும் தீமைக்கு வேறொரு காரணமும் உளவென்று எண்ணுதல் பெரும்பாலும் பிழையாகும்.

இவ்விளக்கம் ஒருநாளிற் கிடைத்ததன்று. அமெரிக்காவில் பெதெஸ்டா நகரத்திற் புரோடி என்பாரும் அவர் துணைவரும், றெசேர்ப்பின் உடலிலுள்ள செரற்றோனினை ஒழிக்கின்றது என 1955 ஆம் ஆண்டிற் கண்டனர். அவர்களோடு சிலகாலம் பணிசெய்து சுவீடன் மீண்ட ஆர்விட் கார்ல்சன், 1957 ஆம் ஆண்டிற் செய்த சோதனை புகழ்பெற்றது. றெசேர்ப்பின் கொடுத்த முயல்கள் செவி சாய்ந்து அசைவற்றுக் கிடந்தன. அவற்றுக்குத் தோப்பா என்னும் பொருளை ஊசிமூலம் செலுத்தியபோது, சிறிது நேரத்தில் அவை செவி நிமிர்த்தி எழுந்து ஓடலாயின. செரற்றோனினின் முன்னோடிப் பொருள் அவ்வாறு செய்யவில்லை. தோப்பா உடலிற் தோப்பமினாக மாறுவது. ஆகவே அசைவுக்கு இன்றியமையாதது மூளையிலுள்ள தோப்பமினே என்ற கருத்து உருவாயிற்று. பார்க்கின்சன் நோயில் அங்கங்கள் விறைப்பதும் தோப்பமின் குறைவினாலேயே என்பதை 1960 ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த ஹோர்ணிக்கியேவிச், இறந்த நோயாளரின் மூளைகளை ஆராய்ந்து நிறுவினார். இன்றும் அந்நோய்க்குத் தலையாய மருந்து தோப்பாவே. கார்ல்சன் 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். பைத்தியத்துக்குத் தின்பித்த வேர், நடுக்கு நோய்க்கு மருந்து காணும் வழியைக் காட்டிற்று.

நன்மையும் தீமையும்

1954 ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த நேதன் கிளைன், உளநோயாளரிடத்து றெசேர்ப்பின் நற்பயன் தந்தமையை வெளியிட்டார். அதற்கு முன் வெறிமிக்க நோயாளரைக் கட்டிவைத்தல், பூட்டிய அறையில் அடைத்தல், மின்னதிர்ச்சி கொடுத்தல், மூளையைக் கீறுதல் என்பனவே பெரிய உளநோய் வைத்தியசாலைகளின் முறைகளாயிருந்தன. குளிசையொன்றால் வெறி தணியக்கண்டமை அவ்வைத்தியசாலைகளில் உள்ளாரை மனிதராக நோக்கும் மனநிலையை வளர்த்தது. எனினும் பிரான்சிலிருந்து அதே காலத்தில் வந்த குளோப்புரோமசீன் விரைவாகவும் நன்றாகவும் தொழிற்பட்டமையால் உளநோய்த் துறையிலே றெசேர்ப்பின் விரைவிற் பின்தள்ளப்பட்டது.

குருதியமுக்கத் துறையில் அது நிலைத்தது. அங்கே ஓர் அடிப்படை வினா விடையின்றிக் கிடந்தது. அமுக்கத்தைத் தாழ்த்தினால் உயிர் காக்கப்படுமா? அமுக்கம் உயர்தல் உடலுக்கு வேண்டியதொன்று, அதனைத் தாழ்த்தல் தீங்காகும் என்று கருதிய வைத்தியரும் இருந்தனர். அமெரிக்காவில் எட்வேட் பிறைஸ் என்பார், முன்னாட் போர்வீரர்க்குரிய வைத்தியசாலைகளிற் சோதனையொன்றை நடத்தினார். கடும் அமுக்கமுடைய 143 ஆடவரைச் சீட்டுமுறையால் இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றார்க்கு றெசேர்ப்பினோடு வேறு இரு மருந்துகளையும், மற்றைக் கூற்றார்க்கு மருந்தில்லாப் போலிக் குளிசைகளையும் கொடுத்தனர். 1967 ஆம் ஆண்டில் வெளியான முடிவு தெளிவானது. போலிக் குளிசை பெற்றோருள் 27 பேர்க்குக் கடுந்தீங்குகள் நேர்ந்தன. மருந்து பெற்றோருள் 2 பேர்க்கே நேர்ந்தன. இன்று கோடிக்கணக்கானோர் அமுக்கத்துக்குக் குளிசை உண்பதற்கு நியாயம் இச்சோதனையிலே தொடங்குகின்றது.

தீமையும் மறைக்கத்தக்கதன்று. நெடுங்காலம் பேரளவில் றெசேர்ப்பின் உண்டோர் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு உள்ளாயினர் என்று 1954 ஆம் ஆண்டில் எழுதியவரும் அதே பிறைஸ்தான். அக்காலத்திற் கொடுக்கப்பட்ட அளவு, பின்னர் வழங்கியதிற் பன்மடங்காகும். பின்னாளில் அமுக்கத்துக்குப் போதுமெனக் கண்ட அளவு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிறாமின் காற்பங்கும் அதற்குக் குறைவுமே. மனச்சோர்வு மூளையின் செய்திப்பொருட் குறைவால் விளைவதென்ற கொள்கை 1960 களில் வலுப்பெற்றமைக்கு றெசேர்ப்பின் பற்றிய இவ்வறிக்கைகளும் காரணமாயின. ஆனால் 1955 ஆம் ஆண்டிலேயே இலண்டனில் டேவிஸ், செப்பேட் என்னும் இருவர், பதகளிப்பும் சோர்வுமுடைய நோயாளரிடத்துச் சீட்டுமுறைச் சோதனை செய்து றெசேர்ப்பின் அவர்க்கு நலமே செய்தது எனக் கண்டிருந்தனர். அக்கட்டுரையை நினைவுகூர்ந்தார் சிலரே. கொள்கைக்கு ஒத்த சான்று பரவுவதும், ஒவ்வாத சான்று மறக்கப்படுவதும் நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் உரிய குறையன்று.

பழியும் விடுவிப்பும்

1974 ஆம் ஆண்டு செப்தெம்பரில் இம்மருந்தின்மேற் பெரும்பழி வந்தது. றெசேர்ப்பின் உண்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மிகுதியாக வருகின்றது என மூன்று நாடுகளினின்றும் வந்த மூன்று ஆய்வுகள் இலண்டன் லான்செற் சஞ்சிகையின் ஒரே இதழில் வெளிவந்தன. நோயாளர் அஞ்சினர், வைத்தியர் வேறு மருந்துகளை நாடினர்.

பின்னர் நடந்த பல ஆய்வுகள் அத்துணைத் தொடர்பைக் காணவில்லை. பிழை எங்கே நிகழ்ந்தது என்பதை 1985 ஆம் ஆண்டில் ஹோர்விற்ஸ், பைன்ஸ்ரைன் என்னும் இருவர் விளக்கினர். புற்றுநோயுடையாரோடு ஒப்பிடுதற்குப் புற்றுநோய் இல்லாதாரைத் தெரிந்தபோது, இருதய நோயும் அமுக்க நோயும் உடையாரை நீக்கிவிட்டனர். றெசேர்ப்பின் உண்போர் அந்நோயுடையாரே. ஆதலால் ஒப்பீட்டுக்கு நின்றாருள் அம்மருந்தை உண்டோர் இயல்பாகவே குறைந்தனர். புற்றுநோயுடையாருள் மிகுந்தனர்போலத் தோன்றினர். ஊரிலுள்ள மீனவரையெல்லாம் நீக்கிவிட்டு எஞ்சினோரைக் கொண்டு, இவ்வூரில் வள்ளமுடையார் அரியர் என்று முடிவுகட்டுவதை ஒத்தது அது. எலிகளுக்கு நெடுநாள் ஊட்டிய சோதனைகளிற் கட்டிகள் தோன்றியமை உண்மை. ஆதலின் மருந்து முற்றும் குற்றமற்றதெனக் கூறுவாரில்லை. ஆனால் மனிதரைப் பற்றி 1974 ஆம் ஆண்டிற் கூறப்பட்ட பழி நிலைபெறவில்லை.

பழி நீங்கினும் பழைய இடம் மீளவில்லை. அதற்குள் வேறு மருந்துகள் பல வந்துவிட்டன. விலை மலிந்ததொரு பழைய மருந்துக்காக வாதாடுதற்கு எவர்க்கும் ஊக்கம் இருக்கவில்லை. ஆயினும் முதியோரிடத்து அமுக்கத்தைத் தணித்தலின் பயனைக் காட்டி 1991 ஆம் ஆண்டில் முடிவு வெளியான பெரிய அமெரிக்கச் சோதனையில், இரண்டாம் படி மருந்துகளுள் ஒன்றாகச் சிற்றளவு றெசேர்ப்பின் பயன்பட்டது. சீனாவில் அதனைப் பிறமருந்துகளோடு சேர்த்தமைத்த குளிசை நெடுங்காலம் பெருவழக்கில் இருந்துவந்துள்ளது.

வேரின் வழித்தோன்றல்கள்

றெசேர்ப்பின் ஒதுங்கினும் அது காட்டிய வழி அடையவில்லை. பாசல் நகரத்து றோச் நிறுவனத்தில் 1950 களில் ஆக்கப்பட்ட தெத்திராபெனசீன் என்னும் செயற்கை மருந்து அதே வாயிற் புரதத்தையே தடுக்கின்றது. வேறுபாடு யாதெனில், றெசேர்ப்பின் இறுகப் பற்றி விடாது. தெத்திராபெனசீன் சில மணி நேரம் பற்றிப் பின் விட்டுவிடும். றெசேர்ப்பின் உடல் முழுவதும் தொழிற்படும். தெத்திராபெனசீன் பெரும்பாலும் மூளையிலுள்ள புரதவகையையே நாடும். ஜோர்ஜ் ஹண்டிங்ரன் 1872 ஆம் ஆண்டில் விவரித்த பரம்பரை நோயில் நோயாளரின் கைகால்கள் அவர் விருப்பமின்றியே நெளிந்தாடும். தோப்பமினைக் குறைப்பதால் தெத்திராபெனசீன் அவ்வாட்டத்தைத் தணிக்கும், நோயை மாற்றாது. பிரித்தானியாவில் 1970 களிலிருந்தே வழங்கிய இம்மருந்தை அமெரிக்க அரசு 2008 ஆம் ஆண்டிலேதான் அங்கீகரித்தது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கையும் உடன் சென்றது.

2017 ஆம் ஆண்டில் இவ்வினத்து மருந்துகள் இரண்டு அங்கு அங்கீகாரம் பெற்றன. தெத்திராபெனசீனிலுள்ள ஐதரசன் அணுக்கள் சிலவற்றின் இடத்திற் பார ஐதரசனை அமைத்தது ஒன்று. ஈரல் அதனை மெல்லவே சிதைப்பதால் மருந்து நெடுநேரம் நிற்கும். வல்பெனசீன் என்பது மற்றொன்று. உளநோய்க்கு நெடுங்காலம் மருந்துண்டோர் சிலர்க்கு வாயும் நாவும் ஓயாது அசையும் துன்பம் வருவதுண்டு. அதற்கென முதலில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவே. ஒருகாலத்தில் றெசேர்ப்பினை வென்ற மருந்துகளின் இனம் விளைத்த தீங்கை றெசேர்ப்பினின் வழிவந்த மருந்து தீர்ப்பது காலத்தின் விந்தை.

டில்லியிற் பெயர்பெற்ற அஜ்மலினின் கதை வேறு. அது நரம்பின் பைகளைத் தீண்டாது. இருதயத் தசைக்கலங்களிற் சோடியம் புகும் வாயில்களை அடைத்து மின்னோட்டத்தைத் தாமதிப்பிக்கும். ஆகவே ஒழுங்கற்ற துடிப்பைச் சீராக்க ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் ஊசிமருந்தாக வழங்கியது. 1992 ஆம் ஆண்டிற் புறுகாடா சகோதரர் இருவர் ஒரு நோயை விவரித்தனர். நலமுடையார்போலத் தோன்றும் இளைஞர், பெரும்பாலும் உறக்கத்தில், திடீரென இறப்பர். இருதய மின்பதிவில் இந்நோயின் அடையாளம் பலர்க்கு மறைந்தே இருக்கும். வைத்தியசாலையில் தக்க காவலோடு அஜ்மலினைச் சிறிதளவு நாளத்திற் செலுத்தினால் மறைந்த அடையாளம் சில நிமிடங்களில் வெளிப்படும். மருந்தும் விரைவில் உடலினின்றும் நீங்கும். அண்ணன் உறக்கத்தில் இறந்த வீட்டிலே, தம்பிக்கும் அந்நோய் உண்டோ என்பதை அறிதற்கு ஹக்கீம் அஜ்மல்கானின் பெயர் பூண்ட மருந்து இன்று பயன்படுகின்றது.

முடிவுரை

வேருக்கு நேர்ந்ததையும் கூறுதல் வேண்டும். 1950 களில் உலகின் தேவை பெருகவே காடுகளிலிருந்து இச்செடி வேரோடு அகழப்பட்டது. வேரே மருந்தாதலால் மருந்து எடுத்தவிடத்துச் செடி எஞ்சாது. ஆபிரிக்காவில் வளரும் இவ்வினத்து மரமொன்று மருந்து எடுத்தற்குத் துணையாயினும் நம் நாடுகளில் இழப்பு நிற்கவில்லை. அருகிவரும் உயிர்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் 1990 ஆம் ஆண்டு முதல் சர்ப்பகந்தியும் சேர்க்கப்பட்டது.

இனி, தொடக்கத்திற் கூறிய இரு திறத்தாரின் வழக்குக்கு இவ்வரலாறு கூறும் தீர்ப்பு யாது? பித்தைத் தணிக்கும் என்ற வழக்காறு மெய்யாயிற்று. அதனை இகழ்ந்தோர் தோற்றனர். பாம்பு நஞ்சைப் போக்கும் என்ற வழக்காறு மெய்ப்படவில்லை; கடியுண்டார்க்கு வேண்டியது நஞ்சுமுறி ஊசியேயன்றிக் கீரி தின்ற வேரன்று. முன்னோர் கூறியன யாவும் மெய்யென்போர் இங்குத் தோற்றனர். பொய்யான வழக்காற்றை நம்பி நாழிகை போக்கிய கைகளில் எத்தனை உயிர்கள் கழிந்தன என்பதை எவ்வேடும் குறிக்கவில்லை. மற்று, ஆய்கூடமும் குற்றமற்று நிற்கவில்லை. வேண்டிய பொருளைச் சக்கையென ஒதுக்கியதும், அளவுக்கு மிஞ்சிக் கொடுத்ததும், பிழையான ஒப்பீட்டால் மருந்தைப் பழித்ததும் கற்றோர் செய்தனவே. ஆனால் அப்பிழைகள் ஒவ்வொன்றையும் கண்டு திருத்தியதும் அதே சோதனை முறைதான். பாம்புக்கடி பற்றிய கதையோ, நூற்றாண்டுகள் பல கடந்தும் தன்னைத் தானே திருத்திக்கொள்ளவில்லை.

அஜ்மல்கான் இதனை நன்குணர்ந்தவர். அவர் தம் மரபை இகழ்ந்து இரசாயன அறிஞரை அழைத்தாரல்லர். மரபின்மேற் கொண்ட மதிப்பினாலேயே அதனைச் சோதனைக்கு உட்படுத்த முன்வந்தார். நம் ஏட்டுச்சுவடிகளிலும் வைத்தியர் இல்லங்களிலும் இன்னும் எத்தனையோ மருந்துக் குறிப்புகள் சோதிப்பாரின்றிக் கிடக்கின்றன. அவற்றுட் சில றெசேர்ப்பினைப் போல உலகுக்குப் பயன்படலாம். பல, கீரியின் கதையாய் முடியலாம். எவை எத்தகையன என்பதை அளந்தும் எண்ணியும் ஒப்பிட்டும் பிரித்தறிவதே இனி வரும் மாணாக்கர்க்கு உரிய கடனாகும்.